மரமும் கற்காரையும்

அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் பல வீடுகளின் பின்புறம் மரப்பலகைகளாலான திறந்த மேடை இருக்கும். அதில் குடும்பத்தினர் அமர்ந்து உண்பர், உரையாடுவர். மேடையின் ஒரு பக்கத்தைத் தூண்கள் தாங்கும். மறுபக்கத்தை, வீட்டின் கற்காரை அடித்தளத்தில் பொருத்திய நீண்ட மரச்சட்டம் தாங்கும்.

அச்சட்டத்தை ஆணிகளால் மட்டும் பொருத்துதல் கூடாது. பலர் கூடி நிற்கும்போது ஆணிகள் கழன்றால் மேடை சரிந்துவிடும். ஆகவே, கற்காரையில் துளையிட்டு, துரு ஏறாவண்ணம் துத்தநாகம் பூசிய தடித்த மரையாணிகளால் இறுக்குவர்.

மழைநீர் மற்றொரு பகை. சட்டத்திற்கும் சுவருக்கும் இடையே நீர் தங்கினால், வெளியே தெரியாமலேயே மரம் இற்றுப்போகும். அதனால், சட்டத்தின்மேல் உலோகத் தகடு பதித்து, நீரை வெளியே வழியச் செய்வர்.

விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது பழைய வீடுகளின் திண்ணையைப் பாருங்கள். மரத்தூண், மண்ணில் ஊன்றப்படாமல் கல்லின்மேல் நிற்கும். ஈரமும் கரையானும் மரத்தை எளிதில் அணுகாதிருக்கவே நம் முன்னோர் இவ்வாறு அமைத்தனர்.

சொற்பொருள்
கற்காரை – கான்கிரீட்
மரையாணி – போல்ட்
இற்றுப்போதல் – நைந்து வலுவிழத்தல்

வினாக்கள்
1. சட்டத்தை ஆணிகளால் மட்டும் ஏன் பொருத்தக்கூடாது?
2. மரமேடைக்கும் திண்ணைத் தூணுக்கும் உள்ள ஒற்றுமை யாது?