கூட்டத்தில் எத்தனை பேர்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்



ஆனி மாதம் நமது டிவிசன் குடும்பங்களோடு நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் போயிருந்தோம். குறிகட்டுவான் துறையில் ஒரே சனம். பகல் பன்னிரண்டு மணிக்கு நம்மோடு வந்த ஒருவர், "இன்னைக்கு இருபதாயிரம் பேர் போயிருப்பாங்க" என்றார். பக்கத்தில் நின்ற வள்ளக்காரர் சிரித்தார். "எல்லா வள்ளமும் சேர்த்து மணிக்குப் பத்து நடை. நடைக்கு எண்பது பேர். காலமை அஞ்சு மணியிலயிருந்து ஓடுது. நீங்களே பெருக்கிப் பாருங்கோ" என்றார்.

பெருக்கினோம். மணிக்கு 800 பேர், ஏழு மணித்தியாலத்துக்கு 5,600 பேர். தீவிலேயே குடியிருப்போரையும் முதல்நாளே வந்து தங்கியவர்களையும் இதோடு சேர்க்க வேண்டும். திரும்பிப் போகிறவர்களை மறுபடி எண்ணக் கூடாது. பல நாள் திருவிழாவுக்கு வந்த மொத்தத் தொகையை ஒரே நாள் கூட்டமாகச் சொல்வதும் தவறு. இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது.

தீவில் இது சுலபம், வாசல் ஒன்றுதான். ஊர்வலம், போராட்டம் என்றால் எப்படி?

2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரை பேரணி போனது நினைவிருக்கும். நமது 1,000 ரூபாய் சம்பளக் கோரிக்கையும் அதில் இருந்தது. ஊருக்கு ஊர் ஆட்கள் சேர்ந்தார்கள், விலகினார்கள். ஐந்து நாளில் கலந்துகொண்டவர் தொகை வேறு, ஒரு நேரத்தில் ரோட்டில் நின்றவர் தொகை வேறு.

ரோட்டில் நிற்கும் கூட்டத்துக்கு இடத்தை அளந்தால் போதும். ஒரு மலையில் எத்தனை தேயிலை மரம் என்று யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லையே! நாலடிக்கு இரண்டடி நட்டிருந்தால் ஏக்கருக்கு சுமார் 5,400 மரம் என்று சொல்லிவிடுவோம். மனிதருக்கும் அதே வழிதான். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்று பத்திரிகைத் துறை ஆசிரியர் ஒருவர் இருந்தார். 1960களில் மாணவர் போராட்டங்களைத் தன் அறை ஜன்னல் வழியாகப் பார்த்தார். கீழே தளத்தில் கட்டம் கட்டமாகக் கோடு இருந்தது. சில கட்டங்களில் ஆட்களை எண்ணி, மொத்தக் கட்டத்தால் பெருக்கினார். தாராளமாக நின்றால் ஆளுக்கு 10 சதுர அடி, நெருக்கமாக நின்றால் 4½ சதுர அடி என்பது அவர் கண்ட அளவு.

இருபதடி அகல ரோட்டில் அரைக் கிலோமீற்றர் நீளத்துக்கு ஊர்வலம் என்று வையுங்கள். 20 x 1,640 = 32,800 சதுர அடி. ஆளுக்கு 10 அடி என்றால் 3,280 பேர். நெருக்கியடித்தாலும் 7,300க்கு மேல் போகாது, அப்படி நெருக்கிக்கொண்டு நடக்கவும் முடியாது. ஆக "பத்தாயிரம் பேர்" என்று மைக்கில் சொன்னால் நம்ப வேண்டாம், அது நம்ம ஆள் சொன்னாலும் சரி.

ஏன் இவ்வளவு கறாராகப் பேசுகிறோம்? கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ குறைத்தாலும் சண்டைக்கு நிற்கிறோம். ஆயிரம் பேர் நின்ற இடத்தில் நாம் ஐயாயிரம் என்று சொன்னால், படம் பார்த்தவன் நமது சம்பளக் கணக்கையும் நம்பமாட்டான். வேறு யாராவது இருநூறு என்று எழுதினால், ரோட்டின் அகல நீளத்தைக் காட்டி மறுக்க நமக்கும் ஆதாரம் வேண்டுமே.

திறந்த வெளி கொஞ்சம் கஷ்டம். 2022 ஏப்ரலில் இருந்து காலி முகத்திடலில் நடந்தது போல, ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தால் ஒரு படம் அந்த நிமிடத்தை மட்டும்தான் காட்டும். மேடைக்கு முன்னால் நெருக்கமாகவும் ஓரத்தில் கலைந்தும் நிற்பார்கள். முன்பக்கத்தை மட்டும் எண்ணிப் பெருக்கினால் கணக்கு ஊதிவிடும். இரண்டையும் தனித்தனியே எண்ண வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி: பெரட்டுக்களம் 60 அடி நீளம், 40 அடி அகலம். மூன்றில் இரண்டு பங்கு இடத்தில் ஆட்கள் தாராளமாக நிற்கிறார்கள். எத்தனை பேர்? அம்மா அப்பாவோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள். (விடை: 160)