பெருங்கோள்களின் பிறப்பும் ஒழுக்கும்

ஞாயிற்றைச் சுற்றிவருங் கோள்களுட் பெரியது வியாழன். அதன் திணிவு புவியின் திணிவைப்போல் ஏறத்தாழ 318 மடங்கு. இத்துணைப் பெரிய கோள் எவ்வாறு திரண்டது? அது சுற்றும் வழியாகிய ஒழுக்குக்கும் அதன் வளர்ச்சிக்கும் தொடர்புண்டோ? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வோம்.

இளஞாயிற்றைச் சூழ்ந்து வாயுவுந் தூசுங் கலந்த தட்டொன்று சுழன்றது. ஞாயிற்றின் அண்மையில் வெப்பம் மிகுதி. அங்கு நீர் ஆவியாகவே நிற்கும். சேய்மையில் அது பனிக்கட்டியாகித் தூசுடன் சேர்தலின் திண்பொருள் பெருகும். அத்திண்பொருள் புவியைப்போற் பத்து மடங்களவு திணிவுடைய கருவாகத் திரளுமாயின், ஐதரசன், ஈலியம் என்னும் வாயுக்களைக் கவர்ந்து விரைந்து பருக்கும். ஆயின் தட்டின் வாயு சில பத்து இலட்சம் ஆண்டுகளிற் கலைந்துபோம். அதற்குள் கரு முதிராவிடின் பெருங்கோள் பிறவாது.

இங்கேதான் ஒழுக்கு முதன்மை பெறுகின்றது. ஒரே ஒழுக்கில் நிற்குங் கரு, அயலிலுள்ள பொருளைக் கவர்ந்து முடித்ததும் வளர்ச்சி குன்றும். ஆனால், கரு தன் ஈர்ப்பால் தட்டிலே அலைகளை எழுப்புகின்றது. தட்டின் உட்பகுதி அதனை வெளியே தள்ளும்; வெளிப்பகுதி உள்ளே தள்ளும். பெரும்பாலும் வெளிப்பகுதியின் விசையே வலிது. ஆகவே கரு உள்நோக்கி நகர்ந்து, புதிய புலத்தை அடைந்து, மீண்டும் வளரும். நகர்வு மிகின் ஞாயிற்றில் வீழ்ந்தழியவுங் கூடும். வளர்ச்சிக்கு உதவுவதே அழிவுக்கும் ஏதுவாதல் காண்க.

இந்நகர்வு வெறுங் கற்பனையன்று. 1980 ஆம் ஆண்டிலேயே கோல்ட்றைக், திரெமெயின் ஆகியோர் இதனைக் கணித்துக் காட்டினர். 1995 இல் சுவிற்சலாந்து அறிஞராகிய மேயர், கெலோ என்பார், 51 பெகாசி என்னும் விண்மீனை 4.2 நாளிற் சுற்றும் பெருங்கோளைக் கண்டனர். நம் புதனோ ஞாயிற்றைச் சுற்ற 88 நாள் கொள்வது. விண்மீனுக்கு அத்துணை அண்மையில் பெருங்கோள் உருவாதல் அரிது. அது சேய்மையிற் பிறந்து உள்ளே வந்ததென்பதே அறிஞர் பலர் கருத்து.

நம் வியாழனும் ஒருகால் உள்நோக்கி வந்து, சனியின் சேர்க்கையால் மீண்டும் வெளிச்சென்றது என்னுங் கருதுகோள் 2011 இல் வெளிவந்தது. வியாழன் வழியிலிருந்த பொருளைச் சிதறடித்தமையாலேயே செவ்வாய் புவியின் பத்திலொரு பங்களவு திணிவுடன் நின்றுவிட்டது என்பர். இஃது இன்னும் முடிந்த முடிபன்று. எனினும், ஒரு கோளின் இன்றைய இருப்பிடத்தைக் கொண்டே அதன் பிறப்பிடத்தைத் துணிதல் பொருந்தாது என்பது இவற்றாற் பெறப்படும்.