உறங்கும் உயரமும் சறுக்கும் உயரமும்

சுவிட்சர்லாந்தின் செர்மாட், பனிச்சறுக்குக்குப் பெயர்போன மலையூர். அங்கே விடுமுறைக்குத் திட்டமிடுவோர் முதலில் விமானச் சீட்டின் விலையைப் பார்ப்பார்கள், பிறகு தங்கும் விடுதியை. வரைபடத்தில் உள்ள இரண்டு எண்களைப் பலரும் கவனிப்பதில்லை. ஊரின் உயரம் ஏறத்தாழ 1,620 மீட்டர். கேபிள் கார் சென்று நிற்கும் மிக உயர்ந்த நிலையம் 3,883 மீட்டர். என்னென்ன எடுத்துச்செல்வது, முதல் நாள் எங்கே சறுக்குவது என்பதையெல்லாம் இந்த இரண்டு எண்களே முடிவுசெய்கின்றன.

முதலில் குளிர். 1,000 மீட்டர் மேலே செல்லச் செல்ல வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஊரில் 0 டிகிரி என்றால் உச்சியில் சுமார் மைனஸ் 15. அங்கே மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் வீசினால், தோலுக்கு அது மைனஸ் 27 போலத் தெரியும். (காற்றே இல்லாத தெளிந்த இரவுகளில் கனத்த குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்குவதால், காலையில் ஊர் மலைச்சரிவைவிடக் குளிராக இருப்பதும் உண்டு.) ஒரே தடித்த மேலாடையைவிட மெல்லிய உடைகளை அடுக்கடுக்காக அணிவதே நல்லது. அடுக்குகளுக்கு இடையே சிக்கும் காற்றுதான் உடல் சூட்டைக் காக்கிறது. உள்ளாடை பருத்தியாக வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும்.

அடுத்தது மூச்சு. நம் கினபாலு மலையின் உச்சி 4,095 மீட்டர். பெரும்பாலோர் வழியில் ஓர் இரவு தங்கித்தான் அதில் ஏறுகிறார்கள். செர்மாட்டிலோ ஏறக்குறைய அதே உயரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் உட்கார்ந்தபடியே போய்விடலாம். உடல் பழகுவதற்கு நேரமே இல்லை. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 62 விழுக்காடுதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அதே அளவில் குறைகிறது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எனத் தொடங்கும் உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தங்கும்போது, சில மணி நேரம் கழித்தே தலைகாட்டும். ஆகவே பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதோடு, இரவில் எங்கே உறங்குகிறோம் என்பதும் முக்கியம். இந்த வகையில் செர்மாட் வசதியான ஊர். பிரான்சின் வால் தொரான்ஸ் ஊரே 2,300 மீட்டரில் இருக்கிறது. அங்கே பனிக்குப் பஞ்சமில்லை, ஆனால் முதல் இரவு தூக்கம் கெடலாம். எங்கே தங்கினாலும் முதல் நாளைத் தாழ்ந்த சரிவுகளில் கழியுங்கள். தலைவலி கூடினால் மாத்திரை போட்டுக்கொண்டு மேலே போகாமல், கீழே இறங்குங்கள்.

வெயிலைக் குளிர் மறைத்துவிடும். 1,000 மீட்டருக்குச் சுமார் 10 விழுக்காடு வீதம் புற ஊதாக் கதிர் கூடுகிறது. புதுப்பனி அதில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்புகிறது. மோவாயின் அடிப்புறம்கூடக் கருகுவது இதனால்தான். கண்ணாடி இல்லாமல் சறுக்கினால் கண் எரிச்சல் உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வாட்டும்.

குறியிட்ட பாதைகளுக்கு வெளியே போகாதீர்கள். பனிச்சரிவு அபாயம் 1 முதல் 5 வரை அளக்கப்படுகிறது. 3 என்றால் நடுத்தரம்தானே என்று எண்ணிப் போவோர் பலர். உயிரிழப்புகள் மிகுதியாக நேர்வதும் அந்த நிலையில்தான்.

கடைசியாக, காற்று. உச்சியிலிருந்து மறுபுறம் சறுக்கினால் இத்தாலியின் செர்வினியா. மதிய உணவுக்கு அங்கே போய்வருவது பலரின் ஆசை. ஆனால் மலைமுகட்டைக் கடக்கும் காற்று நெருக்கப்பட்டு வேகமெடுக்கும். அப்போது மேல்நிலை ஊர்திகளை நிறுத்திவிடுவார்கள். பிறகு மலைத்தொடரைச் சுற்றிச் சாலை வழியே பல மணி நேரப் பயணம்தான். செர்மாட்டுக்குள் கார்களுக்கு அனுமதி இல்லாததால், டேஷ் என்ற ஊரில் இறங்கி ரயிலும் பிடிக்க வேண்டும். எனவே கடப்பிதழையும் கொஞ்சம் பணத்தையும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் கடைசி ஊர்தியின் நேரத்தைக் காலையிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.