மருமகளுக்கு, பேஸ்ட்ரி விஷயமாக



சிக்கன் பேஸ்ட்ரி வீட்டிலேயே போட்டு சிவனொளிபாதமலை சீசனுக்கு விற்க வேண்டும், எந்த ஓவன் வாங்கலாம் என்று கேட்டு மருமகள் எழுதிய கடிதம் கிடைத்தது. கொழும்பு பேக்கரியில் காலமெல்லாம் போறணை முன்னால் நின்ற மாமாவிடம் கேட்டால் ஓவன் பெயர்தான் முதலில் வரும் என்று நினைத்திருப்பாள். ஓவன் கடைசியில் பேச வேண்டிய சங்கதி. பேஸ்ட்ரி எழும்புமா படுக்குமா என்பது சூட்டுக்குப் போகும் முன்பே முடிவாகிவிடும். மா குளிர்ந்திருக்க வேண்டும், கறி வறண்டிருக்க வேண்டும். இதில் முதலாவது மருமகளின் ஊரான நல்லதண்ணியில் காசில்லாமல் கிடைக்கிறது. கொழும்பில் அதற்கு ஏ.சி. போட்டுக் கரண்ட் பில் கட்டுகிறார்கள்.

பிசைந்த மாவின் நடுவில் கெட்டி வெண்ணெயைத் தகடாக வைத்து மூடி, நீளமாக உருட்டி, மூன்றாக மடிப்பதுதான் பேஸ்ட்ரியின் அடிப்படை வேலை. ஒரு மடிப்பில் வெண்ணெய் மூன்று படையாகும், அடுத்த மடிப்பில் ஒன்பது, பிறகு 27, 81, 243. ஆறாவது மடிப்பில் 729. சூட்டில் வைத்ததும் மாவிலும் வெண்ணெயிலும் இருக்கிற தண்ணீர் ஆவியாகிறது. ஆவியான தண்ணீருக்கு முன்பு இருந்ததைப் போல 1,600 மடங்குக்கு மேல் இடம் வேண்டும். வெண்ணெய் உருகிப் படைகளை ஒட்டவிடாமல் பிரித்து வைக்க, ஆவி அவற்றைத் தூக்கிவிடுகிறது. ஈஸ்ட்டும் இல்லை, சோடாவும் இல்லை. 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு சமையல்காரர்கள் செய்ததும் இதைத்தான்.

பராட்டாவிலும் படை உண்டு, ஆனால் அங்கே வேலை பார்ப்பது எண்ணெய். பேஸ்ட்ரிக்குக் கொழுப்பு கெட்டியாக இருந்தால்தான் படை நிற்கும். வெண்ணெய் 13 முதல் 16 பாகை செல்சியஸில் உடையாமல் வளையும். 20ஐத் தாண்டினால் இளகி மாவோடு சேர்ந்துகொள்ளும். அப்புறம் எத்தனை மடிப்புப் போட்டாலும் வருவது ஒரு தடித்த பிஸ்கட். பகலில் 30 பாகை அடிக்கிற கொழும்பில் இதனால்தான் பேக்கரிகள் பேஸ்ட்ரி மாஜரினுக்குப் போய்விட்டன. அது லேசில் உருகாது. ஆனால் வாயிலும் உருகாது, தின்று முடித்த பிறகும் அண்ணத்தில் மெழுகாக ஒட்டிக்கொண்டிருக்கும். மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கும் மேலே, 1,200 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊரில் மார்கழி விடியற்காலையில் வெண்ணெய்க்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அடுப்பு மூட்டுவதற்கு முன், ஜன்னலைத் திறந்து வைத்து மடிப்பு வேலையை முடித்துவிடலாம். பாணில் பூசுகிற மென்மையான மாஜரின் மட்டும் வேண்டாம், அது இந்தக் குளிரிலும் தகடாக நிற்காது.

தேயிலைத் தோட்டத்துக் கைகளுக்குக் கோதுமை மா புதிதில்லை. அரிசியையும் மாவையும் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட காலத்திலிருந்து லயத்து அடுப்பில் ரொட்டி வேகிறது. அந்தப் பழக்கமே இங்கே சிக்கலும் ஆகும். ரொட்டி மா மாதிரி அடித்துப் பிசைந்தால் பேஸ்ட்ரி மா ரப்பராக இழுக்கும், உருட்ட உருட்டச் சுருங்கும். 500 கிராம் மாவுக்கு 10 கிராம் உப்பு, 50 கிராம் வெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு, 250 மில்லி அளவில் குளிர்ந்த தண்ணீர். ஒன்று சேர்ந்தால் போதும், மினுமினுக்கும் வரை பிசைய வேண்டியதில்லை. அரை மணி நேரம் மூடி வைத்தபின் 350 கிராம் வெண்ணெய்த் தகடு உள்ளே போகும். இரண்டு மடிப்புக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு. முதல் முதலாகச் செய்கிறவருக்கு நான்கு மடிப்பு, அதாவது 81 படை தாராளம். 729 என்பது பெருமைக்கு.

கொழும்பு சூப்பர்மார்க்கெட்டில் உறைந்த பேஸ்ட்ரி ஷீட் கிடைக்கும், வாங்கி அனுப்பச் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறாள். ஹட்டன் பஸ்ஸில் நாலு மணி நேரம், அங்கிருந்து மஸ்கெலியா வழியாக இன்னொரு பஸ். வந்து சேர்வதற்குள் ஷீட் இளகி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். மறுபடி உறைய வைத்தாலும் போன படை போனதுதான்.

இனி கோழி. முழு நெஞ்சிறைச்சியைப் பச்சையாகவே பேஸ்ட்ரியில் சுற்றிச் சுடுகிற வீடியோக்கள் நிறைய வருகின்றன. பார்க்க அழகுதான். ஆனால் வேகும்போது இறைச்சி தண்ணீர் விடும், அடிப்பக்கம் கூழாகும். மேலே பொன்னிறம் வந்த நேரத்தில் நடு இறைச்சி பாதுகாப்பான 74 பாகையைத் தொட்டிருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. விற்கிற பண்டத்தில் இந்த விளையாட்டு வேண்டாம். தொடை இறைச்சியை எலும்பு நீக்கி, சிறிதாக வெட்டி, முழுசாகச் சமைத்தே உள்ளே வைக்க வேண்டும். நெஞ்சிறைச்சி இரண்டாம் சூட்டில் சக்கையாகும், தொடை தாங்கும். இன்னொன்றும் உண்டு. நல்லதண்ணி உயரத்தில் தண்ணீர் 100 பாகைக்குக் காத்திருப்பதில்லை, 96க்கே கொதித்துவிடுகிறது. அதனால் கறி தளதளவென்று கொதிக்கிறதே என்று இறக்கிவிடாமல், கொழும்பில் வைப்பதைவிடச் சற்று அதிக நேரம் வைக்க வேண்டும்.

வெங்காயம், கறிவேப்பிலை, மிளகு, கொஞ்சம் கறித்தூள், நுவரெலியா லீக்ஸ், அவித்து மசித்த கிழங்கு. கிழங்கு எதற்கென்றால், மிச்சமிருக்கிற ஈரத்தைக் குடித்துவிடும். சட்டியின் நடுவில் கரண்டியால் ஒரு கோடு இழுத்துப் பார்க்கலாம். கோட்டுக்குள் தண்ணீர் ஊறி வராமல் சட்டியின் அடி தெரிந்தால் கறி தயார். பிறகு அகலமான தட்டில் பரப்பி முழுசாக ஆறவைக்க வேண்டும். இளஞ்சூட்டில் வைத்தால் விடியற்காலைக் குளிரில் பாடுபட்ட வெண்ணெய் ஒரு நிமிஷத்தில் இளகிவிடும்.

மாவை வெட்டக் கூரான கத்தி. டம்ளர் விளிம்பால் அழுத்தினால் ஓரத்துப் படைகள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். முட்டை பூசும்போதும் மேல்பக்கம் மட்டும்தான். வெட்டு வாயில் முட்டை வழிந்தால் பசை மாதிரி பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் எழும்பாது, பேஸ்ட்ரி ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். நடுவில் ஆவி போக ஒரு சின்னக் கீறல்.

விற்பனை விஷயம் மருமகளுக்கே நன்றாகத் தெரியும். டிசம்பர் உந்துவப் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை ஊர் தூங்குவதில்லை, போயாவுக்கும் சனிக்கிழமைக்கும் கூட்டம் இரவெல்லாம் வரும். சிவனொளிபாதமலை ஏறுகிறவர்களில் அன்றைக்கு மச்சம் தொடாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு லீக்ஸும் கிழங்கும் வைத்த மரக்கறிப் பேஸ்ட்ரி, முட்டைக்குப் பதில் பால் பூசி. கோழிக்குச் சதுரம், மரக்கறிக்கு முக்கோணம் என்று வடிவத்தைப் பிரித்துவிட்டால் இருட்டில் மாறாது. கத்தி, பிரஷ், தட்டு மூன்றும் தனித்தனியே இருக்கட்டும். பல்பு எரிகிற கண்ணாடிப் பெட்டியில் இரவு முழுக்க வைத்து விற்பது பெரும்பாலான கடைகளின் வழக்கம், மாமாவுக்கு அது ஒத்துக்கொள்ளாது. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் கிருமி பெருகும். பல்பின் இளஞ்சூடு அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுக்கிறது. குளிர்தானே, வெளியே வைத்தாலும் கெடாது என்பதும் சரியில்லை, அங்கத்தைய இரவுக் குளிரும் 5 பாகைக்கு மேல்தான். இரண்டு மணி நேரத்தில் தீருகிற அளவு மட்டும் சுட்டு, மீதியைப் பச்சையாகவே பிரிட்ஜில் வைத்துத் தவணை தவணையாகச் சுடுவதே மேல். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டில் செய்து விற்கிறவர் என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. சுகாதாரப் பரிசோதகரான பீ.எச்.ஐ. தேடி வரும்வரை காத்திராமல், மஸ்கெலியா பிரதேச சபைக்கு ஒரு நடை முன்கூட்டியே போய் வரலாம்.

கடைசியாக ஓவன். பேஸ்ட்ரிக்கு முதல் நிமிஷத்திலிருந்தே 200 முதல் 220 பாகை வேண்டும். அந்தச் சூடு தருகிற மேசை ஓவன் 2,000 வாட்ஸ் இழுத்தால் கிட்டத்தட்ட 9 அம்பியர். லயத்து வீடுகளில் ஒரு பல்பு, ஒரு ரேடியோ கணக்கில் இழுத்த பழைய வயர்கள் எத்தனையோ இன்னும் மாறவில்லை. மின் ஒழுக்கால் லயம் எரிந்த செய்தி வருஷம் தவறாமல் பேப்பரில் வருகிறது. ஆகவே முதலில் எலெக்ட்ரீஷியன், தனி வயர், தனி பிளக். எக்ஸ்டென்ஷன் வயரில் ஓவன் கூடவே கூடாது.

அதுவரைக்கும் ஓவன் வாங்க வேண்டிய அவசரமும் இல்லை. மஸ்கெலியா டவுனில் விறகுப் போறணை வைத்திருக்கிற பேக்கரி எதிலாவது தட்டுக்கு இவ்வளவு என்று பேசலாம். பாண் இறக்கிய பிறகு போறணைச் சூடு மெல்ல இறங்கும்போது பேஸ்ட்ரிக்கு வேண்டிய பதம் தானாக வந்து நிற்கும், அவர்களுக்கும் அது சும்மா போகிற சூடுதான். நவம்பருக்குள் சில தட்டுகள் அப்படிச் சுட்டுப் பார்த்து, தெரிந்தவர்களிடம் காசு வாங்கியே விற்றுப் பார்க்கட்டும். இலவசமாகக் கொடுத்தால் எல்லோரும் நல்லாயிருக்கிறது என்றுதான் சொல்வார்கள். வெண்ணெய், இறைச்சி, போறணைக் கூலி, பஸ் காசு, விற்காமல் மிஞ்சியது, இவற்றோடு மருமகளின் கைக்கூலியையும் ஒரு கொப்பியில் எழுதி அனுப்பினால், ஓவன் வாங்கலாமா என்பதை அந்தக் கணக்கை வைத்தே பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
மாமா