உடன்பிறவா உறவுகள்

கற்றல் நோக்கம்: குழுவாகச் சேர்ந்து வாழ்வதன் பயனையும் அதன் எல்லையையும் அறிதல்.

வீட்டை விட்டுத் தொலைவிலுள்ள கல்லூரிக்குச் செல்லும் மாணவருக்கு உணவும் உறைவிடமும் மட்டும் போதுமானவை அல்ல. பெயர் சொல்லி அழைக்கவும் நலம் கேட்கவும் சிலர் வேண்டும். இத்தேவையை நிறைவு செய்ய அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர் கழகங்கள் பல தோன்றின. ஆண்களுக்குரிய கழகம் ஃபிரட்டர்னிட்டி எனவும், பெண்களுக்குரிய கழகம் சொராரிட்டி எனவும் வழங்கப்படுகின்றன. உடன்பிறந்தான், உடன்பிறந்தாள் என்று பொருள்படும் இலத்தீன் மொழிச் சொற்களிலிருந்து இப்பெயர்கள் பிறந்தன.

தோற்றமும் இயல்பும்

1776ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், வர்ஜீனியாவிலுள்ள வில்லியம் அண்டு மேரி கல்லூரி மாணவர்கள் 'ஃபை பீட்டா காப்பா' என்னும் கழகத்தைத் தொடங்கினர். கிரேக்க எழுத்துகளைக் கழகத்தின் பெயராகச் சூட்டும் வழக்கத்திற்கு இதுவே முன்னோடி.

இன்று பல கழகங்களுக்குத் தனி இல்லங்கள் உள்ளன. உறுப்பினர் அங்கு ஒன்றாகத் தங்கி, ஒன்றாக உண்டு, ஒன்றாகப் படிக்கின்றனர். அறப்பணிகளுக்கு நிதி திரட்டுகின்றனர். படிப்பு முடிந்த பின்னரும் இவ்வுறவு தொடர்கிறது. வேலை தேடும் இளையோர்க்கு மூத்தோர் வழிகாட்டுகின்றனர். ஆயினும், விரும்பிய அனைவரும் இவற்றில் சேர்ந்துவிட இயலாது. உறுப்பினர் தேர்ந்தெடுத்து அழைத்தால் மட்டுமே புதியவர் சேரலாம்; கட்டணமும் செலுத்த வேண்டும்.

மூடிய கதவும் புதிய இல்லமும்

நெடுங்காலம் இக்கழகங்கள் பெரும்பாலும் வெள்ளையர்க்கே உரியனவாக இருந்தன. நியூயார்க் மாநிலத்துக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்ற கறுப்பின மாணவர் மிகச் சிலரே. அவர்கள் வகுப்பறையில் இடம் பெற்றனர்; தோழமையில் இடம் பெறவில்லை. தனிமையைத் தாங்காது படிப்பைக் கைவிடும் நிலை வரலாகாது என எண்ணிய மாணவர் எழுவர், 1906ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் 'ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா' என்னும் கழகத்தை நிறுவினர். பிற்காலத்தில் மார்ட்டின் லூதர் கிங்கும், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷலும் இக்கழகத்தின் உறுப்பினராயினர்.

வாஷிங்டன் நகரிலுள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1908ஆம் ஆண்டு 'ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா' என்னும் கறுப்பினப் பெண்களின் கழகம் உருவாயிற்று. தமிழகத்தைப் பூர்விகமாகக் கொண்ட சியாமளா கோபாலனின் மகளும், அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபருமான கமலா ஹாரிஸ், ஹோவர்டில் பயின்றபோது இக்கழகத்தில் சேர்ந்தார். அதே பல்கலைக்கழகத்தில் 1913ஆம் ஆண்டு ஜனவரியில் மாணவியர் 22 பேர் 'டெல்டா சிக்மா தீட்டா'வைத் தொடங்கினர். இரு திங்கள் நிறைவதற்குள், மார்ச் 3ஆம் நாள் பெண்களுக்கு வாக்குரிமை கோரி நடைபெற்ற பேரணியில் அவர்கள் பங்கேற்றனர். ஒதுக்கப்பட்டோர் தமக்கென அமைத்த கழகம், பிறர் உரிமைக்கும் குரல் கொடுத்தது.

உறவின் பெயரால் துன்பம்

இக்கழகங்களுக்கு இருண்ட பக்கமும் உண்டு. புதியவரின் உறுதியைச் சோதிப்பதாகக் கூறி அவரை இழிவுபடுத்தும் கொடிய வழக்கம் 'ஹேசிங்' எனப்படுகிறது. அளவுக்கு மீறி மது அருந்துமாறு கட்டாயப்படுத்தப்பட்டு உயிரிழந்த மாணவரும் உளர். துன்புறும் மாணவர் மறுத்துரைப்பதில்லை. மறுத்தால் விலக்கப்படுவோம் என்னும் அச்சமே காரணம். துன்புற்றவரே மறு ஆண்டு பிறரைத் துன்புறுத்தும்போது, கொடுமை மரபாகிவிடுகிறது. இத்தகைய நிகழ்வுகளைக் கல்லூரிகள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்னும் சட்டம் அமெரிக்காவில் 2024ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவேறியது.

இந்தியக் கல்லூரிகளில் இதனை ஒத்த கொடுமை 'ராகிங்' எனப்படுகிறது. தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டு இதனைத் தடை செய்யும் சட்டம் இயற்றப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2009ஆம் ஆண்டு நாடு முழுமைக்குமான விதிமுறைகளை வகுத்தது.

தனித்து நின்றவரை அரவணைத்து வளர்ப்பது தோழமை. சேர்த்துக்கொள்வதற்கு விலையாகத் தன்மானத்தைக் கேட்பது தோழமையன்று. அத்தகைய குழுவிற்கு 'இல்லை' என்று சொல்லும் மனவுறுதியும் கல்வியின் பயனே ஆகும்.

சொற்பொருள்

உறைவிடம் – தங்கும் இடம்
எழுவர் – ஏழு பேர்
திங்கள் – மாதம்
இழிவு – தாழ்வு

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஃபிரட்டர்னிட்டி, சொராரிட்டி என்னும் பெயர்கள் எவ்வாறு பிறந்தன?
2. கார்னெல் மாணவர் எழுவர் தனிக்கழகம் அமைத்தது ஏன்?

ஆ. பிரித்து எழுதுக: வாக்குரிமை, மனவுறுதி

இ. எதிர்ச்சொல் தருக: மூத்தோர், புதியவர்

ஈ. சிந்தித்து எழுதுக.
உங்கள் வகுப்பிற்குப் புதிதாக வரும் மாணவர், தாம் தனித்து விடப்பட்டதாக உணராதிருக்க நீங்கள் செய்யக்கூடியவை யாவை? பத்து வரிகளில் எழுதுக.