வெறியா, மூளை நோயா?

புளத்கொகுபிட்டியத் தோட்ட லயங்களில் ஒருவர் தள்ளாடி வந்தால் நாம் சொல்வது ஒன்றே: "வெறி, படுத்தெழும்பினால் சரியாகும்." பெரும்பாலும் அது சரிதான். ஆனால் ஆண்டுக்கணக்காகக் கசிப்போ சாராயமோ குடித்து, சோற்றையும் ஒதுக்கி வந்த ஒருவர், குடியாத நாளிலும் தள்ளாடுகிறார், நாக்குக் குழறுகிறார், ஆள் மாறி அழைக்கிறார் என்றால் அதை வெறியென்று விட்டுவிடலாகாது.

1903ஆம் ஆண்டு உரோமையில் மார்க்கியாஃபாவா, பிஞ்ஞாமி என்னும் இரு மருத்துவர்கள் ஒரு நோயை விவரித்தனர். (இருவருமே மலேரியா ஆராய்ச்சியிலும் பெயர் பெற்றவர்கள்.) திராட்சை மது மிகுதியாக அருந்தி, வலிப்புக் கண்டு, நினைவிழந்து மாண்டவர்களின் மூளையை அவர்கள் அறுத்துப் பார்த்தார்கள். மூளையின் வலப் பாதியையும் இடப் பாதியையும் இணைப்பது ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகளாலான ஒரு பாலம். அந்தப் பாலத்தின் நடுப்பகுதி அழிந்து கிடந்தது.

பாலம் அறுந்தால் என்ன ஆகும்? இத்தகைய நோயாளியின் கண்ணைக் கட்டி, இடக் கையில் ஒரு திறப்பைக் கொடுத்துப் பாருங்கள். கை அதை உணரும். வாய் அதன் பெயரைச் சொல்லாது. இடக் கையின் செய்தி மூளையின் வலப் பாதிக்குப் போகிறது. பேச்சோ பெரும்பாலும் இடப் பாதியில். நடுவே வழியில்லை.

முன்பெல்லாம் இறந்த பின்தான் இந்நோய் தெரியவந்தது. எம்.ஆர்.ஐ. படம் வந்தபின் உயிரோடிருக்கும்போதே காண்கிறார்கள். காந்த சக்தியாலும் வானொலி அலைகளாலும் எடுக்கும் படம் இது. எக்ஸ்ரே கதிர் இல்லை. பாலத்தின் நடு அடுக்குக் கெட்டு, மேலும் கீழும் தப்பியிருக்கும் தோற்றத்தை வைத்தியர்கள் 'சான்ட்விச்' என்பார்கள்.

இது மிக அரிய நோய். குடிப்பவரிடையே இதைவிட அடிக்கடி காண்பது, 1881இல் வேர்னிக்கே விவரித்த நோய். உயிர்ச்சத்து பி1 குறைவதால் வருவது. கண் ஒருவிதமாய் ஆடும், நடை தடுமாறும், புத்தி மயங்கும். இதில் படம் சுத்தமாக வந்தாலும் நோய் இருக்கக்கூடும். ஆகவே நல்ல வைத்தியர் படத்துக்காகக் காத்திராமல் பி1 ஊசியை உடனே ஏற்றுவார். முன்சொன்ன நோய்க்கும் முதலில் கொடுப்பது அதுவே. பிந்தினால் ஞாபகசக்தி திரும்பாமலே போகலாம்.

ஆனால் வைத்தியருக்கு விஷயம் தெரியவேண்டுமே! தாய்மாரே, கேகாலை ஆஸ்பத்திரியில் "இவர் குடிப்பாரா?" என்று கேட்டால் வெட்கத்தால் "இல்லை" என்கிறீர்கள். கசிப்பென்றால் பொலிஸ் பயம் வேறு. கேட்பவர் பொலிஸ்காரர் அல்லர். என்ன குடித்தார், எத்தனை வருடமாய், கடைசியாய் எப்போது சாப்பிட்டார் என்பதைக் கேட்குமுன்பே சொல்லிவிடுங்கள். பி1 இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் வேர்னிக்கே நோய் முற்றிவிடக்கூடும்.