மதிலும் விதையும்

வருங்காலத்தைப் பொன்னுலகமாகக் காட்டும் கதைகள் ஒரு வகை. பாழுலகமாகக் காட்டும் கதைகள் மற்றொரு வகை. பருவநிலை கெட்டுப்போன பாழுலகில் மனிதன் எவ்வாறு தாக்குப்பிடிக்கிறான் என்பதற்கு நான் படித்த இரு ஆங்கில நாவல்களை ஈண்டு எடுத்துக்கொள்கிறேன்.

ஜே. ஜி. பாலார்டின் 'மூழ்கிய உலகம்' 1962இல் வெளிவந்தது. கதிரவனின் கொந்தளிப்பால் உலகம் சூடேறி, பனி உருகி, லண்டன் மாநகரம் நீருக்குள் கிடக்கிறது. மனிதன் செய்த பிழை இதில் ஏதுமில்லை. மற்றவர் வடக்கே திரும்ப, கதைத்தலைவன் கெரன்ஸ் வெப்பம் மிகுந்த தென்திசை நோக்கிப் போகிறான். அழகிய நாவல்தான். ஆயின் அழிவுக்கு இணங்கும் மனத்தையே அது ஆராய்கிறது.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் என்னும் அம்மையார் 1993இல் எழுதிய 'விதைக்கிறவன் உவமை' வேறு திசையில் நடக்கிறது. கதை தொடங்குவது 2024 ஜூலையில். இடம் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே ஒரு கற்பனைச் சிற்றூர். மழை பொய்த்துவிட்டது. பெட்ரோலைவிடத் தண்ணீரின் விலை அதிகம். மதில் எழுப்பி அதனுள் சில குடும்பங்கள் வாழ்கின்றன. பதினைந்து வயது லாரன் மட்டும், மதில் ஒருநாள் விழும் என்று உணர்ந்து, ஓடவேண்டிய வேளைக்கென ஒரு மூட்டை கட்டி வைக்கிறாள். தோழியிடம் இதைச் சொல்லப்போக, செய்தி பெரியவர்கள் காதுக்கு எட்டுகிறது. போதகரான தந்தை அவளைக் கண்டிக்கிறார். அவர் சொன்னதன் சாரம்: அச்சுறுத்தாதே, கற்றுக்கொடு.

முதல்முறை படித்தபோது அந்த மூட்டையையே நான் பெரிதாக எண்ணினேன். மறுமுறை படித்தபோதுதான் என் தவறு புலனாயிற்று. 2027இல் மதில் விழுகிறது, ஊர் எரிகிறது. தப்பிய லாரன் ஆணுடை தரித்து, அண்டை வீட்டார் இருவருடன் நெடுஞ்சாலையில் வடக்கே நடக்கிறாள். பிறர் நோவைத் தன் உடலில் உணரும் விந்தையான குறைபாடு அவளுக்கு உண்டு. வழிப்பறி மலிந்த சாலையில் அது ஆபத்து. இருந்தும் கைக்குழந்தையுடன் வரும் தம்பதியரையும், கடனடிமையிலிருந்து தப்பி வந்தோரையும் சேர்த்துக்கொள்கிறாள். இரவுக் காவலுக்கு அவள் தனியொருத்தி போதுமா? மூட்டை சில நாளைக்குத்தான். முறைவைத்து விழித்திருக்க ஆள் வேண்டுமே!

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸை அடுத்த ஆல்டடீனாவில் பெருந்தீ பரவியது. 2006இல் மறைந்த பட்லர் அடக்கமாகியிருப்பதும் அவ்வூரிலேயே. நாவலில் 2025 பிப்ரவரி 1ஆம் நாள் குறிப்பும் ஒரு தீயைப் பற்றியது! இதனால் பலர் அவரை ஆரூடக்காரராக்கிவிட்டனர். எனக்கு இது உடன்பாடன்று. அவர் செய்தித்தாள்களைப் படித்து, இப்படியே போனால் என்னவாகும் என்று கணக்கிட்டவர். ஆரூடம் என்றால் கைகட்டிக் காத்திருக்கலாம். கணக்கு என்றால் போடும் எண்களை நாம் மாற்ற இயலும்.

நாவலின் முடிவில் அவர்கள் அடைவதும் சொர்க்கம் அன்று. புகலிடம் என்று நம்பி வந்த வீடு எரிந்து கிடக்கிறது, எலும்புகளே மிச்சம். தங்கிவிடுவதா, மேலே நடப்பதா என்று வாதாடுகிறார்கள்; தங்குவதென்று முடிவாகிறது. இறந்த தம்மவரை நினைத்து ஒவ்வொருவரும் ஓக் மரத்தின் கொட்டையை மண்ணில் ஊன்றுகிறார்கள். அக்கொட்டையின் பெயரையே புதிய குடியிருப்புக்கும் இடுகிறார்கள். இம்முறை மதிலைப் பற்றிய பேச்சு முதலில் எழவில்லை.